குனிந்து பார்க்கும் கேமரா

கல்யாணமான புதிதில் நாங்கள் இருவரும் நன்னிலத்தில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தோம். நான் விஞ்ஞானம் எடுத்தேன், என் கணவர் சரித்திரம். எங்களுடையது ஐயர், ஓமம், தாலி எதுவும் இல்லாமல் மேடையில் மாலை மாற்றி, நாலு பேர் மைக்கில் வாழ்த்திப் பேசி நடந்த கல்யாணம். அப்படிச் செய்துகொள்ளும் கல்யாணமும் சட்டப்படி செல்லும் என்று புதிதாக வந்த அரசாங்கம் சொல்லி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அவருடைய அப்பா பெரிய பண்ணை ஒன்றில் கூலிக்கு நடவும் அறுப்பும் செய்தவர். என் அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்தவர். எங்கள் வீட்டில் கோபம், அவர் வீட்டில் பயம். இரண்டும் ஆறுகிறவரைக்கும் லீவு விட்டால் போவதற்கு எங்களுக்கு ஊர் இல்லை.

தீபாவளி, பொங்கல் என்றால் மற்ற ஆசிரியர்கள் பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம். முதலில் உட்கார இடம் கிடைக்கிற பஸ் எந்த ஊருக்குப் போகிறதோ அதுதான் எங்கள் ஊர். "ஊர் சுத்தறதுக்குன்னே நம்மளத் தள்ளி வச்சிருக்காங்க. நல்லா இருக்கட்டும்" என்பார் அவர். அப்படித்தான் தாராசுரம், திருவாரூர், தரங்கம்பாடி எல்லாம் பார்த்தோம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஒவ்வொரு தடவையும் என்னிடம் ஒரு அறிவிப்புச் செய்வார்: "சாமிக்காக உள்ள வரல. சோழனுக்காக வரேன்."

ஒரு லீவில் எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டரிடம் பெட்டி கேமரா ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு கங்கைகொண்ட சோழபுரம் போனோம். படங்கள் வந்தபோது விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் அடியில் புள்ளி ஒன்று நின்றது.

"இது யாரு?" என்று டிராயிங் மாஸ்டர் கேட்டார்.

"நான்தான்" என்றார் இவர், சற்றே வருத்தத்துடன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு மின்விசிறி வாங்குவதா, கேமரா வாங்குவதா என்று பேச்சு வந்தது. அது வெகுநேரம் நடக்கவில்லை. விசிறியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது என்று நான் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த நாளில் வெளிநாட்டுச் சாமான் வேண்டுமென்றால் நாகப்பட்டினம் போக வேண்டும். பினாங்கிலிருந்து கப்பல் வந்துபோன வாரத்தில் துறைமுகத்துப் பக்கத்துக் கடைகளில் குடை, கம்பளி, சோப்பு, டிரான்சிஸ்டர் என்று தொங்கும். நாங்கள் போன கடையில் மூன்று கேமரா இருந்தது. கடைக்காரர் மூன்றையும் துணி விரித்து வரிசையாக வைத்தார்.

முதலாவது மடக்குகிற மாதிரி. பட்டனை அழுத்தினால் முன்பக்கம் திறந்து, ஆர்மோனியத் துருத்தி போலத் தோல் மடிப்பு வெளியே வந்தது. இவர் அதைத் திறந்து மூடித் திறந்து மூடிச் சொக்கிப் போய்விட்டார்.

"இதுக்கு ஃபிலிம் மாயவரத்துல கெடைக்குமா?" என்று கேட்டேன்.

"சிங்கப்பூருக்குச் சொல்லியனுப்புனா வந்துரும்" என்றார் கடைக்காரர்.

நான் அதை மெதுவாக ஓரத்தில் நகர்த்தி வைத்தேன். இவர் இன்னொரு தடவை திறந்து மூடிவிட்டு விட்டுவிட்டார்.

இரண்டாவது கைக்கு அடக்கமானது. கண்ணில் வைத்துப் பார்ப்பது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். "முப்பத்தாறு" என்று இவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் அதை வாங்கிக்கொண்டு கடை வாசலில் நின்று கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தேன். எதிரே மீன்கூடையோடு வந்த அம்மாள் நின்றுவிட்டாள். "என்னா பாக்குறே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போனாள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தெருவைப் பார்ப்பதை அந்தத் தெரு அதற்குமுன் கண்டதில்லை.

மூன்றாவது, நெட்டுக்குத்தாக இருக்கும் இரட்டைக் கண் கேமரா. மேல் கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க் கண் படம் எடுப்பதற்கு. அதைக் கழுத்தில் மாட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து மேலேயிருக்கும் கண்ணாடியில் பார்க்க வேண்டும். உரித்த தேங்காய் கனம் இருந்தது. ரோலுக்குப் பன்னிரண்டே படம். அதோடும் போய் வாசலில் நின்றேன். தெரு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் நிற்கவில்லை, முறைக்கவில்லை. கண்ணாடிக்குள் வண்டி, ஆள், ஆடு எல்லாம் சின்னச் சின்னதாக, பளிச்சென்று நகர்ந்தன. கூடையோடு போன வேறொரு அம்மாள் மட்டும் அருகில் வந்து, "என்னம்மா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?" என்று தானும் தரையைப் பார்த்துத் தேடினாள்.

"இதுதாங்க" என்று உள்ளே வந்து சொன்னேன்.

"இதுல பன்னெண்டுதானே வரும்?"

"பன்னெண்டு போதும். முப்பத்தாறு வாங்குனா முப்பத்தாறுலயும் கோபுரத்துக்குக் கீழ நீங்கதான் நிப்பீங்க."

கடைக்காரர் சிரித்துக்கொண்டே துணியை மடித்தார். திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். ஒரு கை கம்பியில், ஒரு கை கேமராவில். ஒரே கையால் அதன் மேல்பக்கக் கண்ணாடி மூடியைத் திறக்கவும் மூடவும் முடிகிறது என்பதைத் திருவாரூர் வருவதற்குள் தெரிந்துகொண்டேன்.

முதல் ரோலைத் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் போட்டோம். காலை வெயிலில் விமானம், நந்தி, சுற்று மண்டபம், மதிலோரத்துப் புல்லில் தூங்கிய ஆள், எல்லாம் எடுத்தேன். கண்ணாடியில் ஒவ்வொன்றும் அவ்வளவு அழகாக இருந்தது. மாயவரத்தில் பின்னால் எங்களுக்கு வழக்கமாகிவிட்ட ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் போனோம். ஸ்டூடியோக்காரர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"டீச்சர், ஃபிலிம் ரொம்ப நல்லா இருக்கு. கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

உண்மைதான். அதன் வழியாக அவருடைய முகம் தெளிவாகத் தெரிந்தது. நான் மேல் கண்ணின் மூடியைக் கழற்றியிருந்தேன், கீழ்க் கண்ணின் மூடியைக் கழற்றவே இல்லை. பார்த்தது ஒரு கண், எடுத்தது ஒரு கண் என்பதை விஞ்ஞான டீச்சர் மறந்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. இவர் வெளியே வந்ததும், "ஆயிரம் வருசமா அங்கதான நிக்குது? நமக்காக இன்னொரு வாரம் நிக்காதா?" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய் அதே இடங்களில் நின்று அதையே எடுத்தோம். அன்றிலிருந்து நான் கேமராவைத் திறந்தால் போதும், எங்கே நின்றாலும் இவர் "மூடி" என்று குரல் கொடுப்பார்.

எடுக்க எடுக்கத்தான் சிரமங்கள் தெரிந்தன. அந்தக் கண்ணாடியில் இடது வலமாகத் தெரியும், வலது இடமாகத் தெரியும். கோபுரம் என்றால் பரவாயில்லை, நிற்கும். நடக்கிற ஆளை எடுக்கப் போனால் அவர் ஒரு பக்கம் போவார், நான் எதிர்ப்பக்கம் திருப்புவேன், படத்தில் ஒரு கால் மட்டும் கிடைக்கும். ஃபிலிமை வீணாக்காமல் இதைப் பழக வேண்டும்.

குறுவை அறுவடை முடிந்து அடித்தாள் மட்டும் நின்ற வயல்களில் வாத்து மேய்க்கிறவர்கள் வந்திருந்த சமயம் அது. பள்ளிக்கூடம் விட்டதும் காலிக் கேமராவை மாட்டிக்கொண்டு வரப்பில் போய் நிற்பேன். நூற்றுக்கணக்கான வாத்துகள் ஒரே கூட்டமாகத் திரும்பும், பிரியும், சேரும். அவற்றின் பின்னால் கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருப்பேன். முதலில் தலை சுற்றியது. பிறகு, திருப்புகிற வேலையை யோசனையிடமிருந்து கை வாங்கிக்கொண்டது. ஒருநாள் வாத்துக்காரர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"ஏம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. தெனமும் வந்து எங்க வாத்தைப் பாத்துத் தலைகுனிஞ்சு கும்புடுறீங்களே, என்னா வேண்டுதல்?"

வெளிச்சத்தை அளக்க எங்களிடம் கருவி எதுவும் கிடையாது. ஃபிலிம் டப்பாவுக்குள் ஒரு துண்டுத் தாள் வரும். நல்ல வெயில், மேகம், நிழல் என்று படம் போட்டு, லென்ஸின் துவாரம் எவ்வளவு திறக்க வேண்டும் என்று இருக்கும். அதை இருவரும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தோம். பிறகு ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்வோம். பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே காட்டி, "இப்ப எவ்வளவு?" என்பார். சொல்வேன். நான் சமையலறையில் நின்று, "இங்க எவ்வளவு?" என்றால் அவர் கூடத்திலிருந்து எழுந்து வந்து, அடுப்பையும் ஜன்னலையும் பார்த்துவிட்டு, "இங்க எடுக்கவே முடியாது. சோறு போடு" என்பார்.

ஃபிலிமுக்கு வெயில் ஆகாது. ஈரத்துணி சுற்றிய தூக்குச் சட்டியில் வைத்துக் கொண்டுபோவோம். தயிர்சாதமும் அதே மாதிரித் தூக்கில்தான் போகும். ஒரு பயணத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பசியோடு திறந்த தூக்கில் இரண்டு ஃபிலிம் ரோல் இருந்தது. சோற்றுத் தூக்கு வீட்டில் அடுப்பு மேடையில் பத்திரமாக இருந்தது. அன்று முழுக்க வெள்ளரிப்பிஞ்சு தின்றே ஊர் சுற்றினோம்.

அந்தத் தை மாதம், பொங்கல் லீவில், ஒரு நீளமான பயணத்துக்குத் திட்டம் போட்டோம். திருப்பனந்தாள், அங்கிருந்து மாயவரம், கடைசியில் பூம்புகாரில் கடல். கையில் ஒரே ஒரு ரோல்தான் இருந்தது. பண்டிகை என்று ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது.

திருப்பனந்தாள் கோயில் மண்டபத்தில் நல்ல இருட்டு. தூண் சிற்பம் ஒன்றை எடுக்க ஷட்டரைக் கொஞ்ச நேரம் திறந்தே வைக்க வேண்டியிருந்தது. எங்களிடம் முக்காலி கிடையாது. அதற்கு இவருடைய தோள்தான். இவரைச் சன்னிதி பார்த்து நிற்கவைத்து, பின்னால் படியில் ஏறி, தோளின்மேல் கேமராவை வைத்தேன். "மூச்சு விடாதீங்க" என்றேன். அசையக் கூடாது என்பதால் இவர் கண்களையும் இறுக மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் குருக்கள் வெளியே வந்தார். கண்மூடி மூச்சடக்கி நிற்கிறவரைப் பார்த்ததும் அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. அருகில் வந்து நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டு, கையிலும் கொஞ்சம் வைத்துவிட்டுப் போனார். இவர் அசையவில்லை. நான் ஷட்டரை மூடி, "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார்.

"சோழனுக்கா, சாமிக்கா?" என்று கேட்டேன்.

"உன் படத்துக்கு" என்றார். அன்று மத்தியானம்வரை அந்த விபூதியை அழிக்காமலேதான் இருந்தார்.

மணல்மேடு வழியாக மாயவரம் போகும் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் பஸ் நின்றது. முன்னால் இரண்டு மாட்டு வண்டி, ஒரு லாரி, ஒரு போலீஸ் வேன். கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அறுப்புத் தகராறு. இப்போதைக்கு வண்டி நவுராது" என்றார்.

நாங்களும் இறங்கினோம். ரோட்டோரத்தில் ஒரு பெரிய மிராசுதாரின் நிலம். சம்பாக் கதிர் முற்றித் தலைசாய்ந்து கிடந்தது. வரப்பில் உள்ளூர்த் தொழிலாளர்கள் சிவப்புக் கொடி நட்டு, ஆணும் பெண்ணுமாக அரிவாளோடு நின்றார்கள். கூலி நெல் கூட்டிக் கேட்டிருந்தார்கள். மிராசுதார் மறுத்துவிட்டு, லாரியில் வெளியூர் ஆட்களை வரவழைத்திருந்தார். அந்த ஆட்கள் லாரியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போலீஸ். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அறுவடை சமயம் என்றால் எல்லாருக்குமே பயம்தான். கிழக்கே ஒரு ஊரில் கூலித் தகராறில் ஆட்களைக் குடிசையோடு எரித்ததை யாரும் மறந்திருக்கவில்லை. இவர் வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அப்பா இப்படியொரு வரப்பில் நின்றிருக்கிறார்.

என் கழுத்தில் கேமராவைப் பார்த்ததும் சப்-இன்ஸ்பெக்டர் வந்தார்.

"எந்தப் பத்திரிகை?"

"பத்திரிகை இல்லைங்க. நன்னிலத்துல டீச்சர். ஊர் பாக்க வந்தோம்."

"ஊர் பாக்க, இந்த ஊருக்கா?" என்று கேட்டுவிட்டு, எங்களை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

அடுத்து, குடை பிடித்துக்கொண்டு, மிராசுதாரின் நிலபுலன்களைக் கவனிக்கும் காரியக்காரர் வந்தார். "எடுங்கம்மா, நல்லா எடுங்க. கையில அருவாளோட மெரட்டிக்கிட்டு நிக்கிறாங்க பாருங்க, அது தெரியறாப்ல எடுங்க" என்றார்.

"அறுக்க வந்தவங்க கையில அருவா இல்லாம கரண்டியா இருக்கும்?" என்றார் இவர். பஸ்ஸில் வந்த சிலர் சிரித்துவிட்டார்கள். காரியக்காரர் குடையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார்.

அதற்குள் கொடியருகில் நின்ற இளைஞர் ஒருவர் வந்து, "போலீசுக்கு எடுக்குறீங்களா? எடுத்து யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று சந்தேகமாகக் கேட்டார். இவர் அவரிடம் தன் அப்பாவின் ஊரையும் பண்ணையையும் சொன்னார். அந்த ஊர்ச் சங்கத்து ஆட்களை அந்த இளைஞருக்குத் தெரிந்திருந்தது. குரல் இறங்கியது. ஆனாலும் படம் எடுக்கலாமா, கூடாதா, எடுத்தால் யாருக்கு நல்லது என்று சப்-இன்ஸ்பெக்டரும் காரியக்காரரும் இளைஞரும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது வரப்பிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"ஏம்மா, எடுக்கப் போறது எங்களைத்தானே? அப்ப எங்களைக் கேளு. அவங்க வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறியே."

நாற்பது வயதிருக்கும். வெற்றிலை போட்ட வாய், இடுப்பில் செருகிய அரிவாள், தூக்கிச் சொருகிய சேலை. அவள் சொன்னது சரி என்று எனக்கு உடனே பட்டது. அதுவரைக்கும் நான் எடுத்த படங்களில் ஆட்கள் எல்லாம் கோபுரத்துக்கு அளவு காட்டுகிற புள்ளிகள்தான். யாரையும் கேட்டதே இல்லை. குனிந்து பார்க்கிற கேமரா என்பதால் கேட்கத் தேவைப்படவும் இல்லை. வரப்பில் இறங்கி அவளிடம் போனேன்.

"அக்கா, உங்களை எடுக்கட்டுங்களா?"

"எடு. சிரிக்கணுமா?"

"உங்க இஷ்டம்."

"அப்ப சிரிக்க மாட்டேன். கூலி தீரட்டும், பொறவு சிரிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நேராக நிமிர்ந்து நின்று கேமராவைப் பார்த்தாள்.

அவ்வளவு கிட்டத்தில் நான் யாரையும் எடுத்ததில்லை. முகமும் தோளும் கண்ணாடியை நிறைத்தன. அவளுக்குப் பின்னால் கதிரெல்லாம் மங்கி ஒரே வெளிச்சமாக நின்றது. ரோட்டிலிருந்து இவர் "மூடி" என்றார். எடுத்தேன்.

"எடுத்தாச்சா? நீ தரையைத்தானே பாத்துக்கிட்டிருந்தே" என்றாள் அவள்.

திருப்பனந்தாளிலேயே பத்துப் படம் போய்விட்டதால், ரோலில் இனி ஒரே ஒரு படம்தான் மிச்சமிருந்தது. கூலிப் பேச்சு பேசத் தாலுகா ஆபீசிலிருந்து ஜீப் வருகிறது என்றார்கள். ஜீப் வர நேரமாயிற்று. டீக்கடைப் பெஞ்சுகளைத் தூக்கிவந்து புளியமரத்தடியில் போட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் பொங்கல் கரும்பை ஒடித்து ஆளுக்கொரு கணு கொடுத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டரும் வாங்கிக் கடித்தார். அந்த அக்கா ஒரு குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு லாரியருகில் போய், உள்ளே இருந்தவர்களுக்கு மொண்டு மொண்டு ஊற்றினாள். கொடியருகில் நின்ற இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "அவங்களும் வயித்துக்குத்தானே வந்திருக்காங்க" என்றாள் அவள், ஊற்றுவதை நிறுத்தாமல்.

"கடைசிப் படத்தைக் கடலுக்கு வச்சுக்கலாமா?" என்று இவர் கேட்டார்.

"வேணாங்க. அந்தக்கா சிரிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க."

"பேச்சு தீரலைன்னா?"

"தீரட்டும். காத்திருப்போம்."

ஜீப் வந்தது. மரத்தடியில் வெகுநேரம் பேச்சு நடந்தது. குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, யாரோ எழுந்து போனார்கள், கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கடைசியில் கேட்டதில் முக்கால் பங்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. உள்ளூர் ஆட்களே அறுப்பது, லாரியில் வந்தவர்களுக்கு அன்றைய கூலியும் வழிச்செலவும் மிராசுதார் கொடுத்து அனுப்புவது என்று முடிந்தது. கொடியைப் பிடித்திருந்தவர்கள் ஒரு கோஷம் போட்டார்கள். நான் கேமராவைத் திறந்துகொண்டு அந்த அக்காவைத் தேடினேன். காணோம்.

வெயில் சாய்வதற்குள் கொஞ்சமாவது அறுத்துவிட வேண்டும் என்று எல்லாரும் அதற்குள் வயலில் இறங்கியிருந்தார்கள். நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓடினேன். பின்னாலிருந்து இவர், "மூடி, மூடி" என்று கத்திக்கொண்டு வந்தார். பெண்கள் வரிசையாகக் குனிந்து அறுத்துக்கொண்டு முன்னேறினார்கள். நகர்கிற வரிசையைக் கை தானாகப் பின்தொடர்ந்தது. சாய்ந்த வெயிலுக்குத் துவாரத்தைத் திறந்தேன்.

"அக்கா" என்று கூப்பிட்டேன்.

அவள் நிமிரவில்லை. ஒரு கையில் அறுத்த கதிர்ப்பிடியோடு தலையை மட்டும் தோளுக்கு மேல் திருப்பி என்னைப் பார்த்து, வெற்றிலைக் காவிப் பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள். எடுத்தேன். ரோல் முடிந்தது. ரோட்டில் டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.

மறுநாள் பூம்புகாரில் காலிக் கேமராவோடு கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்குக் குறை ஒன்றும் தோன்றவில்லை.

ஸ்டூடியோக்காரர் அந்த இரண்டு படத்தையும் தனியாக எடுத்து வைத்திருந்தார். "இதுல ஒண்ணை நம்ம ஷோகேஸ்ல வைக்கட்டுமா, டீச்சர்?" என்று கேட்டார். அவங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருக்கு அது புதிதாக இருந்தது. எனக்கும் புதிதுதான்.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படங்களை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனோம். அறுத்த வயலெல்லாம் பயறு முளைத்துப் பச்சையாக இருந்தது. தொழிலாளர் தெருவில் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலில் சிரிக்கிற படத்தை வாங்கினாள். நான் பெருமையோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆயுசிலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னா இது, என் முதுகைல்ல எடுத்திருக்கே?" என்றாள்.

"மொகம் நல்லாத் தெரியுதேக்கா."

"தெரியுது. ஆனா குனிஞ்சுல்ல நிக்கிறேன். வருசம் பூரா குனிஞ்சுக்கிட்டுத்தான் கெடக்குறேன். போட்டோவுலயுமா குனியணும்?"

இரண்டாவது படத்தை நீட்டினேன். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு, சிரிக்காமல், நிமிர்ந்து, நேராகப் பார்க்கிற படம். அவள் அதை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"இது நான்" என்றாள். "இதைப் பெரிசு பண்ணிக் குடு."

அதோடு விடவில்லை. குடும்பத்தோடு ஒன்று எடுக்க வேண்டும் என்றாள். தெருமுனைப் படிப்பகத்திலிருந்து நாற்காலி வந்தது. அவளுடைய வீட்டுக்காரர் தலைவாரிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காரப் போனார். "நீ பின்னாடி நில்லு" என்று அவள் உட்கார்ந்துகொண்டாள். அவர் சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றார். நான் குனிந்தேன். பிறகு ஏனோ கேமராவை விட்டு நிமிர்ந்து, அவள் முகத்தை நேராகப் பார்த்து, "தயாரா அக்கா?" என்று கேட்டுவிட்டு எடுத்தேன். அந்தத் தெருவில் அன்று யாரையும் விடவில்லை, கொண்டுபோன ரோல் முழுக்க ஆட்கள். வெயில் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்று இவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் பயணமே மாறிப்போயிற்று. ஒரு ஊரில் இறங்கினால் முதலில் டீக்கடையில் உட்கார்ந்து பேசுவோம். கேமரா அப்புறம்தான் வெளியே வரும். படம் கழுவி வந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஊருக்குப் போவோம். அதனால் பார்த்த ஊர்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. போனால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிற வீடுகள் கூடிவிட்டன. சிரிக்கிற படத்தை நான் சுவரில் மாட்டவில்லை. அவளுக்குப் பிடிக்காததை நாலு பேர் பார்க்க மாட்டுவதற்கு மனசு வரவில்லை. என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். சேலை எடுக்கும்போதெல்லாம் பார்த்துக்கொள்வேன்.

ஷோகேஸ் விஷயத்தையும் அன்றே கேட்டிருந்தேன். "மொறைக்கிறதை வேணா வச்சுக்கச் சொல்லு" என்று அனுமதி கொடுத்தாள். மாயவரம் கடைத்தெருவில், கல்யாண ஜோடிகளுக்கும் மொட்டையடித்த குழந்தைகளுக்கும் நடுவில், பெரிதாக்கிய அந்தப் படம் வெகுநாள் இருந்தது. பக்கத்தில் ஏதோ தேர்தல் வந்த சமயம், ஸ்டூடியோக்காரர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, இந்தம்மா எந்தத் தொகுதியில் நிற்கிறார் என்று கேட்கிறார்களாம்.

அடுத்த தடவை போனபோது அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் பயறு நெற்று ஒடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நீ என்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலக்கா. சிரிச்சேன்."

"எதுக்குச் சிரிக்கிறே? இந்தத் தொகுதிதான்னு சொல்ல வேண்டியதுதானே" என்றாள். பிறகு ஒரு கை நெற்றை அள்ளி என் பையில் போட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்று எங்களை விரட்டினாள்.